ஏழாம் வகுப்பின் தக்காளிப் பாத்தி

கனகா, ஜெயக்குமார், இதை இரண்டு பேரும் படியுங்கள். ஜெயக்குமாருக்குத் திருத்தங்கல் பிரஸ்ஸில் காலண்டர் சீசன், நேரம் இருக்காது, ஞாயிற்றுக்கிழமை படிக்கட்டும். கனகா, நீ போன வாரம் போனில் கேட்டதற்குத்தான் இந்தப் பதில். உங்கள் பள்ளிக்கூடத்தில் காய்கறித் தோட்டம் போடச் சொல்லி உன்னைப் பொறுப்பாக்கிவிட்டார்கள் என்றாய். "எதை முதல்ல நடணும்ப்பா?" என்று கேட்டாய். கீரை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் அது பாதிப் பதில் என்று பட்டது. மீதியைப் போனில் சொல்ல எனக்கு வராது. என் எழுத்து எட்டாம் வகுப்போடு நின்றுபோனது. பிழை இருந்தால் திருத்திக்கொள்.

எங்கள் பள்ளித் தோட்டத்தில் நடந்ததை ஊரில் பல பேர் பல விதமாகச் சொல்லி நீங்கள் கேட்டிருப்பீர்கள். அப்போது நீங்கள் இரண்டு பேரும் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தீர்கள். கேட்டபோதெல்லாம் "சின்னப் பிரச்சினை, முடிஞ்சு போச்சு" என்றேன். சின்னப் பிரச்சினை இல்லை.

கல்யாணத்துக்கு முன்னால் நான் ஒரு பட்டாசுக் கம்பெனியில், வெடிமருந்து கலக்குகிற மருந்து ரூமில் கையாளாக இருந்தது உங்களுக்குத் தெரியும். கலக்குகிறவர் வேறு ஆள். சலித்துக் கொடுப்பதும் எடுத்துக் கொண்டுபோவதும் என் வேலை. செருப்பு வாசலுக்கு வெளியே. எதையும் தரையில் இழுக்கக் கூடாது, போடக் கூடாது, ஓடக் கூடாது, இரும்பு உள்ளே வரக் கூடாது. மழைக்காலத்தில் போர்மேன் வாசலில் நின்று ஒவ்வொருவர் கையையும் தொட்டுப் பார்ப்பார். ஈரமாக இருந்தால் அன்றைக்கு வேறு வேலை கொடுத்து அனுப்பிவிடுவார். சில மருந்தில் ஈரம் பட்டால் அது உள்ளுக்குள்ளேயே சூடேறித் தானாகப் பற்றும், பற்றுவதற்கு முன்னால் ஆட்டுக் கொட்டில் மாதிரி ஒரு நெடி வரும் என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்ததில்லை. கல்யாணமான வருஷமே உங்கள் அம்மா, "அந்த வேலைக்குப் போறதா இருந்தா நான் எங்க வீட்டுக்குப் போறேன்" என்று பெட்டியைக் கட்டிவிட்டாள். அப்புறம்தான் பள்ளிக்கூடத்தில் பியூன் வேலை. மணி அடிப்பது, பூட்டுவது, திறப்பது, தண்ணீர் நிரப்புவது, கூட்டுவது. ஓய்வு பெறும்வரை அதுதான்.

இது வேறு யார் கைக்காவது போனாலும் போகும் என்பதால் ஊர்ப் பெயரை எழுதவில்லை. விஸ்வநத்தம் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் வருகிற ஒரு பிள்ளையின் பெயரையும் அவள் அப்பா பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

தோட்டம் எஸ்தர் டீச்சர் தலைமையாசிரியையாக வந்த பிறகு வந்தது. கனகா, நீ அவரைப் பார்த்திருக்கிறாய்; உன் டீச்சர் டிரெய்னிங் அப்ளிகேஷனில் கையெழுத்துப் போட்டவர். அவர் யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக்கூட அப்போது "வாங்க, போங்க" என்பார். பிள்ளைகள் அந்த "வாங்க"வுக்குத்தான் நடுங்கும். எனக்கும் உத்தரவு போட மாட்டார். கேள்வி கேட்பார். "அண்ணாச்சி, இந்த பெஞ்ச இங்கன போட்டா மழை வந்தா என்ன ஆகும்?" என்பார். பெஞ்சை எடுத்து உள்ளே போட வேண்டும் என்று அர்த்தம்.

வந்த புதிதில் அவர் மத்தியானம் குழாயடியில் போய் நிற்பார். சத்துணவு முடிந்து பிள்ளைகள் தட்டுக் கழுவுகிற இடம். எதற்கு நிற்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. ஒருநாள், "அண்ணாச்சி, தினமும் இந்த வாய்க்கால்ல என்னத்தக் கூட்டி அள்ளுறீக?" என்றார்.

"கத்தரிக்கா, கேரட்டு, கீரைத் தண்டு, டீச்சர். முட்டையும் சோறும் உள்ள போயிரும். மத்ததெல்லாம் இங்கன வந்துரும்."

"காலையில என்ன சாப்பிட்டு வருதுக?"

அவருக்கே தெரியும். அம்மாக்கள் காலையிலேயே கம்பெனி வண்டியில் ஏறிவிடுவார்கள். பெட்டிக்கடையில் மஞ்சள் கலரில் ஒரு நொறுக்குத்தீனிப் பாக்கெட்டை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். பிரேயரில் ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒரு பிள்ளை மயங்கி விழும். விழுந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறவன் நான். சட்டைப் பையில் அந்தப் பாக்கெட் மொறுமொறு என்று சத்தம் போடும்.

அப்படித்தான் பள்ளிக்குப் பின்னால் இருந்த கருவேலங்காட்டை வெட்டி, பெற்றோர்கள் சில பேரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லி மண்ணைக் கொத்தி, வகுப்புக்கு ஒரு பாத்தி போட்டோம். சின்ன வகுப்புகளுக்குக் கீரை. ஐந்துக்கு வெண்டை. ஆறுக்குக் கத்தரி. ஏழுக்குத் தக்காளி. கணக்கு டீச்சர் செடிக்குச் செடி இடைவெளியைப் பிள்ளைகளை வைத்தே அளக்கச் சொல்வார். விளைந்ததைப் பறித்து, சத்துணவில் சேர்த்து, வளர்த்த வகுப்பே மற்ற வகுப்புகளுக்குப் பரிமாற வேண்டும். பரிமாறுகிறவர்கள் முதலில் தின்று காட்ட வேண்டும். கத்தரிக்காய் வழவழ என்று இருக்கிறது என்று இரண்டு வருஷமாகத் தட்டில் ஒதுக்கிய ஒரு பையன், தன் பாத்திக் கத்தரிக்காயை ஒருத்தி ஒதுக்கியதைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, நா பூச்சி பொறுக்கி வளத்தது. தின்னுட்டு எந்திரி" என்று அவள் எதிரே உட்கார்ந்துவிட்டான். அவளும் தின்றாள். நான் வாய்க்காலில் கூட்டி அள்ளுவது மெல்ல மெல்லக் குறைந்தது.

இனி நீ கவனமாகப் படிக்க வேண்டியது, கனகா. எஸ்தர் டீச்சர் ஒரு முறை வைத்திருந்தார். காலையில் பிள்ளைகள் தோட்டத்துக்குள் வந்தால் வேலி ஓரத்தில் செருப்பைக் கழற்றிப் போட வேண்டும். அப்புறம் தங்கள் பாத்தி ஓரமாக வரிசையாக நின்று கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். யாரும் மண்ணைத் தொடக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது. "நேத்துக்கு இன்னைக்கு என்ன மாறியிருக்கு?" என்று கேட்பார். புதுப் பூ, பூச்சி தின்ற இலை, எறும்புப் புற்று, கோழிக் கால் தடம் என்று ஒவ்வொரு பிள்ளையும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லோரும் சொன்ன பிறகுதான் வாளி அசையும். எனக்கு அது வீண் தாமதமாகத் தெரிந்தது. வெயில் ஏறும்முன் தண்ணீர் ஊற்றினால் மணியடிக்கப் போகலாமே என்று பொறுமை இல்லாமல் நிற்பேன்.

அன்றைக்கும் அப்படித்தான் நின்றேன். தீபாவளிக்கு முந்தின நெருக்கடி. ஆர்டர் குவிகிற நேரம் என்பதால் சில வீடுகளில் திருட்டுத்தனமாக மருந்து வைத்து வேலை நடக்கும். அதிகாரிகள் வீடு வீடாகச் சோதனைக்கு வருவார்கள். முந்தின நாள்கூடப் பக்கத்துத் தெருவுக்கு வந்து போயிருந்தார்கள்.

ஏழாம் வகுப்புப் பாத்தியில் இரண்டு பையன்கள் நிறைந்த வாளியோடு நின்றார்கள். காய்கள் பழுக்கத் தொடங்கியிருந்தன. கடைசியில் நின்ற ஒரு சின்னப் பெண் சொன்னாள்: "டீச்சர், ஓரச் செடி சாஞ்சிருக்கு. அங்கன மண்ணு மினுங்குது."

எஸ்தர் டீச்சர் என்னைப் பார்த்தார். நான் போய்க் குனிந்தேன். யாரோ தோண்டி மூடிய இடம். மண்ணோடு சாம்பல் நிறத்தில் ஈயம் பூசினது மாதிரி ஒரு பளபளப்பு. போர்மேன் சொன்ன அந்த ஆட்டுக் கொட்டில் நெடி மூக்கில் ஏறியது. புறங்கையை மண்ணுக்கு மேலே கொண்டுபோனேன். தொடவில்லை. வெயில் இன்னும் அந்தப் பக்கம் வரவே இல்லை. ஆனால் கைக்குச் சூடு தெரிந்தது.

எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் விட்ட வேலை. நான் நினைப்பது சரிதானா என்று தெரியவில்லை. சரியாக இருந்தால் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதும் தெரியவில்லை. வாளி வைத்திருந்த பையன் ஒரு அடி முன்னால் வந்தான். "ஊத்தட்டா மாமா?"

"ஊத்தாதய்யா. அங்கனயே நில்லு." டீச்சரிடம் போய்க் காதோடு சொன்னேன்: "மருந்து புதைச்சிருக்கு. ஈரம். சூடு தெரியுது. பிள்ளைகள வெளிய கொண்டுபோகணும். ஓடக் கூடாது."

அவர் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பினார். அந்த இறங்கின குரல். "எல்லாரும் கைய அப்படியே பின்னால கட்டியிருங்க. வாளிய அண்ணாச்சிட்ட குடுத்துருங்க. ஒண்ணாம் வகுப்பு முதல்ல. வந்த வழியே, பேசாம, முன்னால உள்ள மைதானத்துக்குப் போங்க."

"டீச்சர், செருப்பு?"

"செருப்பு இருக்கட்டுங்க."

"இருங்க, போங்க" என்று அவர் பேசியதில் பிள்ளைகளுக்கு ஏதோ தப்பு என்று விளங்கிவிட்டது. எறும்பு மாதிரி வரிசையாகப் போனார்கள். வாளிகளை நான் வாங்கித் தூரத்தில் வைத்தேன். திரும்பிப் பார்த்தால் பாத்தி ஓரத்தில் ஒரு பிள்ளை முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அமுதா. ஏழாம் வகுப்புப் பாத்தியின் தலைவி. வரிசையில் நின்றபோது அவள் அன்றைக்கு எதுவுமே சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. துப்பட்டாவைக் கழற்றி மண்ணில் விரித்திருந்தாள். கை அந்த இடத்துக்கு மேலே இருந்தது.

"அமுதா, கைய எடு தாயி."

"ரெண்டு நிமிசம் மாமா. அள்ளிக் கட்டிக் கொண்டுபோயி ஓடையில போட்டுர்றேன். யாரும் பாக்கல."

"எல்லாரும் பாத்தாச்சு."

"என்னன்னு தெரியாதுல்ல. நீங்க சொல்லாட்டித் தெரியாதுல்ல."

எட்டிப் பிடித்து இழுத்துவிடலாம் என்று தோன்றியது. ஆனால் அவள் திமிறினால் விழுவது அந்த மண்ணில்தான். நான் நகராமல் நின்றேன். எஸ்தர் டீச்சர் வந்தார். அவளுக்குப் பக்கத்தில் நேராகப் போய், சேலை மண்ணில் புரள, அவரும் உட்கார்ந்தார்.

"அப்பா வச்சாகளாம்மா?"

அமுதா அழவில்லை. "போலீசு பிடிச்சா போன தடவ மாதிரி விட மாட்டாக டீச்சர். அப்பா நல்லாத் தண்ணி ஊத்தித்தான் புதைச்சாக. நனைஞ்சிட்டா ஒண்ணும் ஆகாதுன்னாக. இங்கன மண்ணு பொலபொலன்னு இருக்கும், தோண்டுறதுக்கு லேசுன்னு…"

அந்த மண்ணைக் கொத்திய ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா மாரிச்சாமியும் வந்திருந்தான். சரவெடி பின்னுகிற ஆள். மருந்து ரூம் பக்கம் அவன் போனதே இல்லை. கம்பெனியில் ஒரு ரூம்காரனுக்குத் தெரிந்தது அடுத்த ரூம்காரனுக்குத் தெரியாது. தண்ணீர் ஊற்றினால் எல்லா மருந்தும் செத்துப்போகும் என்று நினைத்திருக்கிறான்.

எஸ்தர் டீச்சர் கேட்டார்: "எல்லாத்தையும் இங்கன வச்சிட்டாகளா? வீட்ல மிச்சம் இருக்கா?"

அமுதா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "கொடத்துல இருக்கு. அதுலயும் தண்ணி ஊத்தி மூடி வச்சிருக்காக."

"வீட்ல யாரு இருக்கா இப்ப?"

"அம்மா கம்பெனிக்குப் போயாச்சு. அப்பாக்குக் காய்ச்சல். படுத்திருக்காக. தம்பி தொட்டில்ல தூங்குறான்."

டீச்சர் சொன்னார்: "இதுவும் தண்ணி ஊத்துனதுதான. புறங்கைய வச்சுப் பாருங்க. தொடாம."

அவள் வைத்துப் பார்த்தாள். கையைத் திருப்பி மறுபடி வைத்துப் பார்த்தாள். எழுந்துவிட்டாள். ஓடப் பார்த்தவளை டீச்சர் மணிக்கட்டோடு பிடித்துக்கொண்டார். "நீ இல்ல. அண்ணாச்சி போவாக. அண்ணாச்சி, நீங்க போங்க. நா தீயணைப்புக்குப் போன் போட்டுட்டு முன்னால நிக்கேன். ஒரு பிள்ளகூட இந்தப் பக்கம் வராது."

என் சைக்கிளில் அன்றைக்கு மிதித்த மாதிரி நான் என்றைக்கும் மிதித்ததில்லை. தெரு முனையிலேயே இறங்கி, குழாயடியில் நின்ற பெண்களிடம், "இந்தப் பக்கத்து வீடுகள்ல யாரும் இருக்காதீக, வெளிய வந்துருங்க" என்றேன். "என்ன அண்ணாச்சி, ரெய்டா?" என்று ஒருத்தி சிரித்தாள். பதில் சொல்லாமல் போனதில் அவள் சிரிப்பு நின்றது.

ஒற்றை அறை வீடு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. விட்டத்தில் சேலைத் தொட்டில். அதற்கு நேரே மூலையில் ஒரு பிளாஸ்டிக் குடம், வாயில் தட்டு மூடி, மேலே அம்மிக் குழவி. நெடி வாசலிலேயே கண்ணைக் கரித்தது. மாரிச்சாமி பாயில் எழுந்து உட்கார்ந்தான்.

"வாங்க அண்ணாச்சி. என்ன, பாப்பாக்கு என்னமும்…"

"அமுதா நல்லா இருக்கா. பிள்ளையத் தூக்கிட்டு வெளிய வா."

"உக்காருங்க, என்ன அவசரம்."

"அந்தக் கொடம் சூடாகிட்டு இருக்கு. வா வெளிய."

அவன் முகம் மாறியது. "எந்தக் கொடம்?" என்றான். அப்புறம், "போலீசு வந்திருக்கா?" என்றான்.

"இன்னும் வரல. வரும். தோட்டத்துல வச்சதப் பிள்ளைக பாத்துட்டாக."

"அதான் தண்ணி ஊத்திட்டேன்ல அண்ணாச்சி. நனைஞ்ச மருந்து, மண்ணுக்குச் சமானம். நீங்க ஏன் ஊரக் கூட்டுறீக."

"மூக்கு இல்லையா உனக்கு? வீடு நாறுதுல்ல."

"பய மோண்டிருப்பான்."

"பிள்ள மோண்டா கண்ணு எரியுமாலே?"

அவன் கண்ணும் சிவந்துதான் இருந்தது. காய்ச்சலால் என்று நினைத்திருப்பான். அப்போது தட்டுக்கும் குடத்து வாய்க்கும் நடுவில் நூல் மாதிரிப் புகை வந்தது. இரண்டு பேரும் பார்த்தோம். அவன் பாய்ந்தது தொட்டில் பக்கம் இல்லை, குடத்துப் பக்கம். "ஓடையில கொண்டு போட்டுர்றேன், வழிய விடுங்க" என்றான். எல்லாவற்றையும் மறைத்துவிட இன்னும் வழி இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். நான் குறுக்கே நின்றேன்.

"மாரிச்சாமி, உனக்கு ரெண்டு கைதான் இருக்கு. கொடத்தத் தூக்கப் போறியா, பிள்ளையத் தூக்கப் போறியா?"

அவன் நின்றான். பிறகு தொட்டில் சேலையை விலக்கிப் பையனை அள்ளினான். நான் அவன் முதுகில் கையை வைத்துத் தள்ளிக்கொண்டே வெளியே வந்தேன். குழாயடியைத் தாண்டி இருப்போம். பின்னால் வீட்டுக்குள் பகலை விட வெள்ளையாக ஒரு வெளிச்சம். அப்புறம் சத்தம். கூரை இரண்டாகப் பிளந்து துண்டு துண்டாக விழுந்தது. பையன் அப்போதுதான் விழித்து அழுதான்.

மாரிச்சாமி தெருவில் உட்கார்ந்துவிட்டான். கதவு வழியாகத் தெரிந்தது. தொட்டில் சேலை எரிந்து, விட்டத்தில் முடிச்சு மட்டும் தொங்கியது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். போலீஸ் வந்தபோது அவனே எழுந்து போனான்.

பள்ளிக்கூடத்தில் தீயணைப்பு வண்டி வந்து தோட்டத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். அந்தப் பாத்தியை எடுத்துத் தூரத்தில் கொண்டுபோய் அவர்கள் முறைப்படி என்னவோ செய்தார்கள். எங்களைப் பக்கத்தில் விடவில்லை. மைதானத்தில் எஸ்தர் டீச்சர் இன்னும் அமுதாவின் மணிக்கட்டை விடாமல் நின்றார். சத்தம் அங்கேயும் கேட்டிருக்கிறது. நான் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்ததும் அவள் அவன் கைகளையும் கால்களையும் ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தாள். "அப்பா?" என்றாள். "நல்லா இருக்காக" என்றேன். சாயங்காலம் அத்தனை பிள்ளைகளும் வெறுங்காலோடு வீட்டுக்குப் போயின. செருப்புகள் கயிற்றுக்கு உள்ளே வரிசையாகக் கிடந்தன.

அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம். தோட்டத்தை மூடிச் சிமெண்ட் போடுங்கள் என்று எல்லோரும் எழுந்தார்கள். "மண்ணக் கிண்டுறதுக்கா பள்ளிக்கூடம் அனுப்புறோம்?" என்று ஒருவர் கேட்டார். எஸ்தர் டீச்சர் எல்லாம் முடியும்வரை காத்திருந்தார். பிறகு வழக்கம் போல ஒரு கேள்வி. "அந்த இடம் காடாவே கிடந்திருந்தா, அங்கன வைக்காம இருந்திருப்பாகளா? வச்சிருந்தா யாரு பாத்திருப்பா?"

அதற்குப் பிறகு யாரும் மூடச் சொல்லவில்லை. ஆனால் என் வாய்க்கால் மறுபடி நிறைந்தது. டீக்கடையில் என்னைப் பார்த்தால், "அண்ணாச்சி, உங்க ஸ்கூல் வெண்டக்காய்க்குத் திரி உண்டா?" என்பார்கள். மற்ற பாத்திகளின் மண்ணைச் சோதனைக்கு அனுப்பி, குறை இல்லை என்று வந்த பிறகும் பிள்ளைகள் தோட்டத்துக் காயை ஒதுக்கின. வீட்டில் தின்னக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். எஸ்தர் டீச்சர் ஒருவரையும் கட்டாயப்படுத்தவில்லை. "பயத்தோட தின்னா உடம்புல ஒட்டாது" என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

அமுதா ஆனைக்குட்டத்தில் அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள். பொங்கலுக்குப் பிறகுதான் திரும்பினாள். அவள் அப்பா ஜாமீனில் வந்து, கட்டட வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தான். அவளை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. "தக்காளி வெடி" என்று பேர் வைத்தார்கள். அவ்வளவுதான். ஆனால் அவள் பக்கத்தில் பெஞ்சில் ஒரு ஆள் இடம் எப்போதும் காலியாக இருந்தது.

அவள் ஒருநாள் எஸ்தர் டீச்சரிடம் வந்து, "எங்க பாத்திய மறுபடி போடட்டா?" என்று கேட்டாள். பழைய மண் முழுவதையும் எடுத்துவிட்டதால் அங்கே பள்ளம்தான் இருந்தது. கண்மாயிலிருந்து முறையாகக் கேட்டு வண்டல் கொண்டுவந்து நிரப்பினோம். அதையும் சோதனைக்கு அனுப்பினார் டீச்சர். தக்காளி நாற்று வைத்தோம். மற்ற பிள்ளைகள் பேருக்கு வந்து நின்றார்கள். தண்ணீர் ஊற்றியது பெரும்பாலும் அவள்தான். ஒவ்வொரு காலையும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நெடுநேரம் மண்ணைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். "என்ன மாறியிருக்கு?" என்று டீச்சர் கேட்டால், "ஒண்ணும் மாறல டீச்சர்" என்பாள். அந்தப் பதிலுக்காகத்தான் அவள் நின்றாள் என்று நினைக்கிறேன்.

கனகா, கீரையே நடு. சீக்கிரம் வரும், பிள்ளைகளுக்கு ஆசை பிடிக்கும். ஆனால் முதல் நாளே கையைப் பின்னால் கட்டி நின்று பார்க்கச் சொல்லிக் கொடு. வீண் தாமதம் என்று உன் பியூன் முகத்தைச் சுளித்தால், இதைப் படிக்கக் கொடு.

அமுதாவின் புதுப் பாத்தியில் முதல் பறிப்பு அன்று தக்காளியும் வெங்காயமும் நறுக்கி, உப்புப் போட்டு, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வைப்பதாக ஏற்பாடு. அமுதாதான் தட்டில் எடுத்துக்கொண்டு போனாள். முறைப்படி முதல் துண்டை அவளே தின்று காட்டினாள். பிறகு வரிசை வரிசையாகக் குனிந்து நீட்டினாள். "வேண்டாம்." "எனக்குச் சளி." "எங்கம்மா திட்டும்." ஒரு சின்னப் பையன் கையை நீட்டினான், அவன் அக்கா அந்தக் கையில் தட்டினாள். எஸ்தர் டீச்சர் அன்றைக்கு விருதுநகருக்கு மீட்டிங் போயிருந்தார். கடைசி வரிசைவரை போய்த் திரும்பி வந்த தட்டு, போன மாதிரியே இருந்தது. அவள் அதைச் சமையல் கட்டில் ஜன்னல் ஓரம் வைத்தாள். என்னைப் பார்க்காமல், "காலையில வந்து நா கழுவுறேன் மாமா" என்று சொல்லிவிட்டு மணியடித்ததும் போய்விட்டாள்.

சமையல்காரம்மாவும் கிளம்பிப் போனாள். கூட்டுவதற்காக நான் உள்ளே போனேன். மிஞ்சியதை வாய்க்காலில் கொட்டி அள்ளுகிறவன் நான்தான், அன்றைக்கும் அது என் வேலைதான். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஜன்னல் கட்டையில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டேன். உப்பில் தண்ணீர் விட்டுத் துண்டுகள் கொஞ்சம் வாடியிருந்தன. நல்ல புளிப்பு. வயிறு நிறைந்த பிறகும் நிறுத்தவில்லை. கடைசித் துண்டுவரை தின்று, அடியில் தேங்கியிருந்த சாற்றையும் குடித்தேன். பிறகு தட்டைக் கழுவாமல், அவள் வைத்த இடத்திலேயே, ஜன்னல் ஓரத்தில், நாலைந்து விதைகள் ஒட்டியபடியே வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினேன்.